அச்சு நடந்த பாதை – 17: நான்கு குதிரைகள்

சென்ற இதழில் நியூரம்பெர்க் நகரில், அன்டன் கோபெர்கரின் அச்சகத்து வாசலில் நின்றிருந்தோம். 1493இல் அங்கே அச்சான உலக வரலாற்று நூலில் 1,800க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுக்காகச் செதுக்கப்பட்ட கட்டைகளோ 645தான். ஒரே முகம் ஒரு பக்கத்தில் ஓர் அரசர், சில தாள்கள் தள்ளி இன்னோர் அரசர். ஒரே கோட்டை மதில் பல ஊர்களின் பெயரைச் சுமந்து நின்றது. படம் என்பது எழுத்துக்குத் துணையாக வருவது, அதற்குமேல் அதற்குத் தனி உரிமை ஏதும் கிடையாது என்பதே அன்றைய அச்சுத் தொழிலின் நடைமுறை.

ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1498இல், அதே ஊரிலிருந்து இன்னொரு நூல் வந்தது. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாடு மட்டும். பதினைந்து முழுப்பக்கப் படங்கள். இலத்தீனில் ஒரு பதிப்பு, ஜெர்மனில் ஒரு பதிப்பு. கடைசிப் பக்கத்தில் பதிப்பித்தவர் பெயர் இருக்கிறது: ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். அந்தப் பெயருக்குரிய இளைஞருக்கு அந்த ஆண்டு மே மாதம்தான் 27 வயது நிறைந்தது. படம் வரைந்தவரே நூலையும் வெளியிடுகிறார். எந்தப் பிரபுவும் முன்பணம் தரவில்லை, எந்த மடமும் கேட்டு வாங்கவில்லை. தாளுக்கும் கட்டைக்கும் கூலிக்கும் ஆன செலவு முழுக்க அவருடைய துணிச்சல்.

இந்தத் துணிச்சலின் வேர் அவர் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. அப்பா பொற்கொல்லர். ஹங்கேரியிலிருந்து புறப்பட்டு வந்து 1455இல் நியூரம்பெர்க்கில் குடியேறியவர். அவருக்குப் பதினெட்டுப் பிள்ளைகள். வளர்ந்து ஆளானவர்கள் மூவர்தான். 1471இல் பிறந்த ஆல்பிரெக்டுக்கு ஞானத் தந்தையாக நின்றவர் வேறு யாருமல்ல, நம் கோபெர்கர். அவரும் பொற்கொல்லராகத் தொடங்கி அச்சுத் தொழிலுக்கு மாறியவர்தான். பையன் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து உளி பிடித்துப் பழகினான். தங்கத்தில் ஒரு கோடு தவறினால் அழிக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு கைக்கு ஏறிவிட்டது. பிறகு, எனக்கு ஓவியம்தான் வேண்டும் என்றான். இத்தனை நாள் கற்றது வீணாகிறதே என்று அப்பாவுக்கு வருத்தம். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். 1486இல் மிக்கேல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் மூன்றாண்டுப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். சென்ற இதழில் பார்த்த உலக வரலாற்று நூலுக்குப் படங்கள் தயாரித்தது அந்த வோல்கெமுட்டின் பட்டறைதான்.

பயிற்சி முடிந்ததும் அன்றைய வழக்கப்படி ஊர் ஊராகச் சுற்றப் புறப்பட்டார். செப்புத் தகட்டுச் சித்திரத்தில் பெரும்பெயர் பெற்ற மார்ட்டின் ஷோன்கவரைத் தேடிக் கோல்மார் போனபோது அவர் 1491இலேயே இறந்துவிட்டிருந்தார். அடுத்து பாசல். 1492இல் அங்கே வெளிவந்த ஒரு நூலின் முகப்புக்குப் புனித ஜெரோம் படம் வரைந்தார். அந்தக் கட்டையின் பின்புறம் அவர் பெயர் எழுதப்பட்டு இன்றும் பாசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1494இல் ஊர் திரும்பி ஆக்னஸ் ஃபிரை என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டு நியூரம்பெர்க்கில் கொள்ளைநோய். சில மாதங்களில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வெனிஸ் போய் 1495இல் திரும்பினார். திரும்பிய கையோடு திருவெளிப்பாட்டு வேலை தொடங்கிவிட்டது.

படங்களுக்குள் போகுமுன் மரச்செதுக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் டியூரர் செய்ததன் கனம் பிடிபடாது. துணியில் பூப்போடும் அச்சுக்கட்டையை நாம் பார்த்திருக்கிறோம். ஐரோப்பாவிலும் அதுதான் முதலில் வந்தது, தாள் பின்னால் வந்தது. பேரி மரம் போன்ற இறுகிய மரத்தின் பலகையை இழைத்து வழவழப்பாக்கி, அதன்மேல் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். பிறகு கத்தி. எங்கே கோடு இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு கோடு வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் வெட்டு விழ வேண்டும். எஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம். மேடு, எழுத்தச்சுகளின் உயரத்துக்கே நிற்பதால் படத்தையும் எழுத்தையும் ஒரே அச்சுப்பொறியில் ஓட்டிவிடலாம். அச்சகங்கள் மரக்கட்டையை விரும்பியதற்குக் காரணம் இதுதான்.

அதுவரை பெரும்பாலான மரச்செதுக்குப் படங்களில் கோட்டுக்கு ஒரே வேலைதான், உருவத்தின் விளிம்பைக் காட்டுவது. தடித்த ஓரக்கோடு, உள்ளே வெற்றிடம், அங்கங்கே சில இழுப்புகள். வெற்றிடத்தில் பிறகு தூரிகையால் சிவப்பும் பச்சையும் பூசுவார்கள். கோபெர்கரே வண்ணம் பூசிய பிரதிகளைத் தனியாக விற்றார். கோடு எலும்பு, வண்ணம் சதை என்று வைத்துக்கொள்ளலாம்.

டியூரர் கோட்டையே சதையாக்கினார். பொற்கொல்லர் உளி இழுக்கும்போது கோடு மெல்லத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி ஊசி முனையாய் முடியும். அந்தக் கோட்டை அவர் மரத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு தொடையின் திரட்சியைக் காட்ட வேண்டுமா, கோடுகள் அதைச் சுற்றி வளைகின்றன. துணியின் மடிப்பா, மடிப்போடு சேர்ந்து திரும்புகின்றன. வானத்துக்குக் கிடைக்கோடுகளை நெருக்கி அடுக்கினால் ஒரு சாம்பல் நிறம் பிறக்கிறது. அதன்மேல் நிற்கும் உருவங்களுக்கு வெளிச்சம் தானாகக் கிடைக்கிறது. கறுப்பு, வெள்ளை, இடையில் எத்தனையோ படிகள். வண்ணத்துக்கு அங்கே வேலையே இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, டியூரர் இறந்த 1528ஆம் ஆண்டில், எராஸ்மஸ் இதைத்தான் எழுதினார்: பழைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் வண்ணங்களால் சாதித்ததை இவர் கறுப்புக் கோடுகளாலேயே சாதிக்கிறார், இதன்மேல் வண்ணம் பூசினால் படம் கெடும் என்று.

கட்டைகளைக் கத்தி பிடித்து வெட்டியவர் டியூரர்தானா, அதற்கென்று இருந்த செதுக்குத் தொழிலாளர்களா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்துப் பெரிய வேலைகளை ஹியரோனிமஸ் ஆண்ட்ரியே என்ற தேர்ந்த செதுக்குக்காரர் வெட்டியது உறுதி. திருவெளிப்பாட்டை யார் வெட்டியிருந்தாலும், வரைந்தவருக்குக் கத்தியின் போக்கு உள்ளங்கையில் இருந்திருக்கிறது. பேனாவால் வரைகிறவர் நிழலுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிடுவார். மரத்தில் அப்படிப் போட்டால் கோடுகளுக்கு நடுவே விழும் ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும் தனித்தனியே குடைந்து எடுக்க வேண்டும், வெட்டுகிறவர் கண் போய்விடும். டியூரர் இந்தப் படங்களில் பெரும்பாலும் இணையாக ஓடும் வளைகோடுகளை வைத்தே நிழலை முடித்திருக்கிறார். மரம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்த ஒருவரின் வரைவு அது.

இனி நான்கு குதிரைகள். ஏறக்குறைய 39 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம். வேத வாசகம் இந்த வீரர்களை ஒருவர்பின் ஒருவராகத்தான் அனுப்புகிறது. ஆட்டுக்குட்டியானவர் ஒவ்வொரு முத்திரையாக உடைக்க, வெள்ளைக் குதிரையில் வில்லேந்தியவர், சிவப்புக் குதிரையில் வாளேந்தியவர், கறுப்புக் குதிரையில் தராசு பிடித்தவர், கடைசியில் வெளிறிய குதிரையில் சாவு. கோபெர்கர் 1483இல் அச்சிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இந்தக் காட்சிக்கு ஒரு படம் உண்டு. கொலோன் நகரத்து அச்சகம் ஒன்று வெட்டிய கட்டைகளை வாங்கிப் பயன்படுத்தியிருந்தார். அகலவாக்கிலான சிறிய படம், குதிரைகள் அவரவர் இடத்தில். டியூரர் அதைப் பார்த்து வளர்ந்தவர். வேறொரு காரியம் செய்தார். நால்வரையும் ஒரே பாய்ச்சலில் ஏவிவிட்டார்.

குதிரைகள் இடமிருந்து வலமாக வருகின்றன. மேலே வலது மூலையில் வில்லாளி, அடுத்து ஓங்கிய வாள், அடுத்து தராசுக்காரர், கீழே இடது ஓரத்தில் சாவு. நான்கும் சேர்ந்து ஒரு சரிவுக்கோடு. முன்னால் போகும் குதிரைகளின் கால்கள் படத்தின் வலது விளிம்பைத் தொட்டுவிட்டன, அடுத்த கணம் சட்டத்தைத் தாண்டிவிடும். மேலே ஒரு தேவதூதர் மேகத்தோடு மேகமாய்ப் பறக்கிறார். இடது மேல் மூலையிலிருந்து ஒளிக்கதிர்கள் இறங்குகின்றன. இந்த அழிவு அங்கிருந்து அனுமதி பெற்று வருகிறது என்பதற்கு அவையே சாட்சி.

என் கண் எப்போதும் மூன்றாமவரிடம் போய் நிற்கிறது. நால்வரில் பெரிய உருவம் அவர்தான், பக்கத்தின் நடுவே இருக்கிறார். பஞ்சம் என்றால் ஓவியர்கள் வற்றிய உடம்பைத்தான் வரைவார்கள். இவரோ செழித்த உடம்பு, அன்றைய பணக்காரரின் நேர்த்தியான உடை. கையிலுள்ள தராசைப் பின்னால் வீசி ஓங்கியிருக்கிறார், சாட்டையை ஓங்குவதைப் போலவே. தட்டுகள் காலி. ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கோதுமை என்ற விலையேற்றத்தைத்தான் வேத வாசகம் பஞ்சமாகச் சொல்கிறது. வணிக நகரத்தில் பிறந்த டியூரருக்கு, பஞ்சத்தின் முகம் பசித்தவரின் முகமாக இல்லாமல் எடை போடுகிறவரின் முகமாகத் தெரிந்திருக்கிறது. படத்தின் மிகக் கூர்மையான சிந்தனை இது என்பேன்.

சாவு வருவது எலும்பும் தோலுமான ஒரு மட்டக் குதிரையில். தாடி வைத்த கிழவர். கையில் முச்சூலம் மாதிரி ஒரு கவை. மற்ற மூன்று குதிரைகளும் காற்றில் பாய, இது மட்டும் தரையோடு தரையாய் இழுத்துக்கொண்டு வருகிறது. அதன் காலடியில் நரகம் ஒரு விலங்கின் வாயாகத் திறந்திருக்கிறது. அதற்குள் விழுகிற முதல் ஆள், தலையில் பெரும் முடி தரித்தவர். அவருக்கு வலப்புறம் ஆண்களும் பெண்களும் ஒருவர்மேல் ஒருவராய்ச் சரிகிறார்கள். கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கி மேலே பார்க்கிறார். இவர்கள் உடுத்தியிருப்பது பழங்கால ரோமாபுரி உடையல்ல. படத்தை வாங்கிப் பார்த்தவர்கள் வீதியில் தினமும் கண்ட உடை.

படத்தின் அடியில், நடுவில், ஒரு குறி. அகலமான 'ஏ', அதன் கால்களுக்கிடையே 'டி'. பதினைந்து படங்களிலும் இந்த முத்திரை உண்டு.

மற்ற பதினான்கையும் விவரிக்க இந்தத் தொடரில் இடம் போதாது. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, புனித யோவானின் பாடுகள். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்குள் நிர்வாணமாய் யோவான். ஒருவன் கரண்டியால் எண்ணெயை மொண்டு தலையில் ஊற்றுகிறான், இன்னொருவன் துருத்தி ஊதுகிறான். தண்டனை விதிக்கும் ரோமாபுரிச் சக்கரவர்த்தி தோமிசியான் துருக்கி சுல்தானின் கோலத்தில் அமர்ந்திருக்கிறார். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்ததிலிருந்து ஐரோப்பா சுமந்த பயம், முதல் நூற்றாண்டுக் கதைக்குள் உடை மாற்றிக்கொண்டு நுழைகிறது.

இன்னொன்று, யோவான் புத்தகத்தை விழுங்கும் காட்சி. மேகத்தை உடுத்தி, சூரியன் போன்ற முகத்தோடு, நெருப்புத் தூண்கள் போன்ற கால்களோடு ஒரு தேவதூதர் இறங்கினார் என்கிறது வாசகம். எழுத்தில் இது உவமை. டியூரர் உவமையை அப்படியே நிறுத்திவிட்டார். உடம்பு மேகம். முகத்தைச் சுற்றிக் கதிர்கள். இடுப்புக்குக் கீழே நிஜமான இரண்டு கல்தூண்கள், அவற்றின் அடியில் தீ எரிகிறது. தூணில் ஒன்று கடலில், ஒன்று கரையில். யோவான் மண்டியிட்டு, நீட்டிய புத்தகத்தை வாயில் திணித்துக்கொள்கிறார். சொல்லிப் பார்த்தால் பொருந்தாத கற்பனை. பக்கத்தில் பார்த்தால் ஒரு நொடியும் சந்தேகம் வருவதில்லை. கரையோரத்துப் புல்லும், தொலைவில் போகும் கப்பலும் அத்தனை நிஜமாய் இருப்பதால் தூண்கால் தேவதூதரும் அவற்றோடு சேர்ந்து நிஜமாகிவிடுகிறார்.

நூலின் அமைப்பிலும் ஒரு புரட்சி இருக்கிறது. தாளின் ஒரு பக்கம் முழுக்கப் படம், அதன் முதுகில் இரண்டு பத்தியாக வேத வாசகம். நூலை விரித்தால் இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம். எழுத்து தன்பாட்டுக்கு ஓடுகிறது, எதிர்ப்பக்கத்துப் படத்துக்காக அது காத்திருப்பதில்லை. பல இடங்களில் வாசகம் ஒரு காட்சியில் இருக்க, படம் வேறொரு காட்சியில் இருக்கும். எழுத்துக்குத் துணையாக வந்த படம் இங்கே தனக்கென்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு தன் கதையைத் தானே சொல்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டு, தெரியாதவருக்கு ஒன்று. ஆனால் அந்த ஒன்றும் முழுமையானது.

1500ஆம் ஆண்டு நெருங்குகிறது, உலகம் அழியப்போகிறது என்ற பீதியைப் பயன்படுத்தித்தான் டியூரர் இந்த நூலைப் போட்டார் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. பீதி இருந்தது உண்மை. கொள்ளைநோயும், புதிதாய்ப் பரவிய மேகநோயும், துருக்கியர் படையெடுப்பும் மக்கள் மனதில் இருந்தன. ஆனால் அந்தப் பீதியை மட்டும் நம்பிப் போட்ட நூலாயிருந்தால் 1501இல் அதன் கதை முடிந்திருக்கும். 1511இல் டியூரர் புதிய முகப்புப் படத்தோடு இலத்தீன் பதிப்பை மறுபடி வெளியிட்டார். அதற்குப் பத்தாண்டு கழித்தும் அது விற்றுக்கொண்டிருந்தது.

அந்த விற்பனை ஒரு குடும்பத்தின் உழைப்பு. நூல் வருவதற்கு முந்தைய ஆண்டே, 1497இல், ஊர் ஊராய்ப் போய்ப் படங்களை விற்றுப் பணம் அனுப்ப ஓர் ஆளை ஒப்பந்தம் போட்டு அமர்த்திவிட்டார் டியூரர். மனைவி ஆக்னஸ் கட்டுக்கட்டாய்த் தாள்களை எடுத்துக்கொண்டு பிராங்ஃபர்ட் சந்தைக்குப் போவார். ஆண்டுதோறும் நியூரம்பெர்க்கில் பேரரசின் புனிதப் பொருள்களை மக்களுக்குக் காட்டும் திருவிழா நடக்கும். அங்கே கடை போடுவது அம்மா பார்பராவின் பொறுப்பு. 1506இல் வெனிஸில் இருந்தபோதும், திருவிழாவில் விற்க மறக்க வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லியனுப்பக் கடிதம் எழுதுகிறார் மகன். 1520-21இல் நெதர்லாந்துப் பகுதிகளுக்குப் போனபோது எழுதிய நாட்குறிப்பில் கணக்கும் இருக்கிறது: ஆண்ட்வெர்ப்பில் ஒருவருக்கு 32 பெரிய புத்தகங்கள், 8 கில்டர். அதாவது புத்தகம் ஒன்றுக்குக் கால் கில்டர். பெரிய புத்தகங்கள் என்று அவர் குறிப்பவற்றில் திருவெளிப்பாடும் ஒன்று. பலிபீட ஓவியம் ஒரு கோயிலில் ஒரு சுவரில் இருக்கும். இது சந்தைக்குச் சந்தை நடந்தது.

நடக்கிற பொருளைத் திருடுவதும் எளிது. 1502இலேயே ஸ்ட்ராஸ்பர்கில் ஹியரோனிமஸ் கிரெஃப் என்பவர் பதினைந்து படங்களையும் மறுபடி வெட்டிச் சொந்த நூலாக வெளியிட்டார். 1511இல் டியூரர் வெளியிட்ட நூல்களில் எச்சரிக்கை ஏறிவிட்டது: அடுத்தவர் உழைப்பையும் திறமையையும் திருடுகிறவர்களே, இதைத் தொடாதீர்கள், பேரரசர் மாக்சிமிலியன் எனக்கு உரிமை தந்திருக்கிறார் என்ற பொருளில். அடுத்த ஆண்டு நியூரம்பெர்க் நகர சபையின் முன் ஒரு வழக்கு. நகர மன்றத்தின் எதிரே ஒருவர் டியூரரின் குறியைப் பொய்யாய்ப் போட்டுப் படம் விற்றார். குறியை எடுத்துவிடு, இல்லையென்றால் சரக்கு பறிமுதல் என்றது சபை. படத்தை நகலெடுத்ததைப் பற்றிச் சபை கவலைப்படவில்லை; அந்த இரண்டெழுத்தைத்தான் காத்தது. ஓவியரின் பெயருக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்ட தருணங்களில் இது மிக முந்தையது.

அவருடைய தாள்கள் எங்கெல்லாம் போயின என்பதற்கு இந்திய மண்ணிலும் ஒரு சாட்சி உண்டு. 1600இல், அக்பரின் மகன் சலீமிடம் பணிபுரிந்த ஓவியர் ஆகா ரிசாவின் மகன் அபுல் ஹசன், பதின்மூன்று வயதில், டியூரரின் சிலுவைக் காட்சியிலிருந்து கைகோத்து நிற்கும் புனித யோவானை மட்டும் எடுத்து வரைந்தான். மூலம் 1511ஆம் ஆண்டின் செப்புத் தகட்டுச் சித்திரம். பையன் தன் வயதையும் படத்தில் எழுதிவைத்திருக்கிறான். அந்தத் தாள் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திருவெளிப்பாட்டுப் படங்களின் நேரடி வாரிசு ஜெர்மனியிலேயே பிறந்தது. 1522 செப்டம்பரில் மார்ட்டின் லூத்தரின் புதிய ஏற்பாடு விட்டன்பர்கில் அச்சாயிற்று. லூத்தருக்குத் திருவெளிப்பாட்டின்மேல் பெரிய மதிப்பில்லை. முன்னுரையிலேயே அதைச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த நூலில் முழுப்பக்கப் படங்கள் கிடைத்தது திருவெளிப்பாட்டுக்கு மட்டும்தான். லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை டியூரரை முன்னால் வைத்துக்கொண்டு 21 படங்கள் செய்தது. அவற்றைப் பார்த்து பாசலில் ஹான்ஸ் ஹோல்பைன் வேறு படங்கள் செய்தார். ஹோல்பைனின் படங்கள் கிழக்கே பயணப்பட்டு, கிரேக்கத்தின் ஆதோஸ் மலையில் டயோனிசியு மடத்துச் சுவரோவியங்களாயின. நியூரம்பெர்க்கில் வெட்டிய கோடு, கத்தோலிக்கர், லூத்தர் வழியினர், கிழக்குத் திருச்சபையினர் என்று மூன்று வீட்டிலும் குடியேறியது.

கிரானாக் ஒரு மாற்றம் செய்தார். டியூரரிடம் பாபிலோனின் வேசி, வெனிஸ் நகரத்துச் சீமாட்டியின் உடையில் மிருகத்தின்மேல் அமர்ந்திருப்பாள். கிரானாக் அவள் தலையில் போப்பாண்டவரின் மும்முடியை வைத்தார். மூன்றே மாதத்தில், அந்த ஆண்டு டிசம்பரில் வந்த மறுபதிப்பில், அந்த முடியின் மேலிரண்டு அடுக்கையும் கட்டையிலிருந்தே செதுக்கி எடுத்துவிட்டு வெறும் கிரீடமாக்கினார்கள். 1534இல் லூத்தரின் முழு வேதாகமம் வந்தபோது மும்முடி திரும்ப ஏறியது. மும்முடி இறங்கியதும் ஏறியதுமான அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கதை, அடுத்த இதழில்.